பிலிப் கிளாஸின் "சத்யாகிரகா" இசைநாடகம்: நெல்லை ரசிகர்களின் கேள்விகளும் விடைகளும்

பாளையங்கோட்டையில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நண்பர்கள் சிலர், அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் "சத்யாகிரகா"வைக் காட்சி காட்சியாகக் கேட்கத் தொடங்கியபோது எழுந்த கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேட்டவர்களில் நாகசுவரம் பயிலும் மாணவரும் உண்டு, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரும் உண்டு. மேலை இசையின் இலக்கணம் முழுவதும் தெரிந்தால்தான் இதைக் கேட்க முடியும் என்ற அச்சம் வேண்டாம். சுரமும் தாளமும் தெரிந்த எவரும் இதற்குள் நுழைந்துவிடலாம்.

இது எத்தகைய படைப்பு?

மேலை மரபில் ஓபரா எனப்படும் இசைநாடகம் இது. நடிகர்கள் உரையாடலைப் பேசாமல் முழுவதும் பாடுவார்கள். வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்து வாசிக்கும். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு, ராட்டர்டாம் நகரத்தின் வேண்டுகோளின்பேரில் கிளாஸ் இதை இயற்றினார். 1980 செப்டம்பர் 5 அன்று அந்நகரிலேயே நெதர்லாந்து ஓபரா குழு இதை முதன்முதலாக அரங்கேற்றியது. ஐன்ஸ்டீன், காந்தி, எகிப்திய மன்னன் அக்நாட்டன் ஆகிய மூவரைப் பற்றி அவர் எழுதிய மூன்று இசைநாடகங்களுள் இது இரண்டாவது. இசை மட்டும் சுமார் இரண்டரை மணி நேரம் நீளும்.

கதை என்ன? நம் ஊர் நாடகங்களைப்போலத் தொடர்ச்சியாகச் செல்லுமா?

செல்லாது. தொடக்கம் முதல் முடிவு வரை காந்தியின் வாழ்க்கையைச் சொல்லும் நோக்கம் இதற்கு இல்லை. மூன்று அங்கங்களில் ஏழு காட்சிகள் உள்ளன. அவை கால வரிசைப்படியும் அமையவில்லை. முதற்காட்சி குருக்ஷேத்திரத்தில் நிகழ்கிறது. காந்தியும் அர்ஜுனனும் கண்ணனும் அங்கே சேர்ந்து பாடுகிறார்கள். அடுத்துவருவது 1910இல் ஜோஹனஸ்பர்க்குக்கு அருகில், போராட்டக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்வதற்காக அமைந்த டால்ஸ்டாய் பண்ணை. அதற்கடுத்த காட்சி பின்னோக்கிச் சென்று, 1906 செப்டம்பர் 11 அன்று ஜோஹனஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் இந்தியர்கள் கூடி எடுத்துக்கொண்ட உறுதிமொழியைக் காட்டுகிறது.

இரண்டாம் அங்கம், டர்பன் துறைமுகத்தில் இறங்கிய காந்தியை வெள்ளையர் கும்பல் தாக்கியதும், காவல் கண்காணிப்பாளரின் மனைவி அலெக்ஸாண்டர் அம்மையார் தம் குடையை விரித்து அவரைக் காத்ததுமான நிகழ்ச்சியில் தொடங்குகிறது. (இசைநாடகம் இதற்கு 1896 என்று ஆண்டு குறித்தாலும், நிகழ்ந்தது 1897 ஜனவரி 13 அன்றுதான்.) பிறகு "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகை அச்சாகும் காட்சியும், இந்தியர்கள் அரசிடம் பதிந்து பெற்ற பதிவுச் சான்றுகளை 1908இல் கொப்பரையிலிட்டுக் கொளுத்திய காட்சியும் வருகின்றன. மூன்றாம் அங்கம் முழுவதும் ஒரே காட்சிதான்: 1913இல் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய நடைப்பயணம்.

ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. முதல் அங்கத்துக்கு டால்ஸ்டாய், இரண்டாவதற்குத் தாகூர், மூன்றாவதற்கு மார்ட்டின் லூதர் கிங். இவர்கள் உயரத்திலிருந்து பார்த்திருப்பார்களே தவிர, ஒரு வரியும் பாடமாட்டார்கள்.

ஏன் சமஸ்கிருதத்தில் பாடுகிறார்கள்? பொருள் புரியாமல் எப்படிக் கேட்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாட்டு முழுவதும் பகவத் கீதையிலிருந்து எடுக்கப்பட்ட சுலோகங்களே. கான்ஸ்டன்ஸ் டிஜாங் என்னும் எழுத்தாளரும் கிளாஸும் சேர்ந்து அவற்றைத் தேர்ந்தார்கள். ஆனால் மேடையில் நடப்பது தென்னாப்பிரிக்க வரலாறு, பாடப்படுவது கீதை. நிகழ்ச்சிக்குச் சுலோகம் விளக்கவுரை ஆகாது, அதன் உரையாடலும் ஆகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவற்றை இணைக்கும் வேலை கேட்பவருக்கு விடப்படுகிறது.

அந்தத் தேர்வு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இரண்டு காட்சிகள் போதும். டர்பனில் காந்தியைத் துரத்தும் கும்பல், கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் அசுர இயல்புடையவன் தனக்குள் சொல்லிக்கொள்ளும் வரிகளைப் பாடுகிறது: இன்று எனக்கு இது கிடைத்தது, இந்த ஆசையும் நிறைவேறும், இந்தச் செல்வம் என்னுடையது, இன்னும் வரும். குடியேற்ற ஆட்சியின் மனத்தை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க இதைவிடப் பொருத்தமான வரிகளைத் தேடினாலும் கிடைத்திருக்காது. பதிவுச் சான்றுகள் எரியும் காட்சியிலோ, எவ்வுயிரையும் வெறுக்காதவன் எனத் தொடங்கும் பன்னிரண்டாம் அத்தியாயப் பகுதி ஒலிக்கிறது. நெருப்பு எரிகிறது, ஆனால் அதில் பகை இல்லை என்பதை வேறு எவரும் சொல்லத் தேவையில்லை.

பொருள் புரியாத மொழியில் பக்தியோடு அமர்ந்து கேட்பது நமக்குப் பழக்கமில்லாதது அன்று. நெல்லையப்பர் கோயிலில் வேதம் ஓதும்போது சுற்றி நிற்பவர்களுள் சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர்? எனினும், பொருள் தெரிந்து கேட்பதே நலம் என்பது என் கருத்து. கீதையை எட்டயபுரத்துப் பாரதியார் தமிழ் உரைநடையில் மொழிபெயர்த்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, காட்சிக்குரிய அத்தியாயத்தை முதலில் ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கிளாஸ் இந்திய இசையை எங்கே கற்றார்?

1937இல் பால்டிமோரில் பிறந்த கிளாஸ், பாரிஸ் நகரில் நாடியா பூலான்ஷே என்னும் புகழ்பெற்ற ஆசிரியையிடம் மேலை இசையின் கட்டுமானத்தைக் கடுமையாகப் பயின்றுகொண்டிருந்தார். அப்போது ஒரு திரைப்படத்துக்கு இசையமைக்க ரவிசங்கர் அங்கு வந்தார். சிதார் மேதை வாய்ப்பாட்டாகச் சொல்வதைப் பிரெஞ்சு வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கும்படி மேலைக் குறிமுறையில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. மேலைக் குறிமுறையில் இசையைச் சம அளவான கட்டங்களாகக் கோடிட்டுப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முதல் அடியிலும் இயல்பாகவே அழுத்தம் விழும். கிளாஸ் எப்படி எழுதினாலும் தபேலா மேதை அல்லா ரக்கா அழுத்தம் தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாச் சுரங்களும் சமம் என்பதே அவருடைய திருத்தம். கடைசியில் கிளாஸ் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தபோது, இரண்டிரண்டும் மும்மூன்றுமான சிறு தொகுதிகள் வரிசையாக ஓடிச் சென்று ஒரு பெரிய ஆவர்த்தனத்தில் வந்து சேர்வது தெரிந்தது. மிருதங்கம் கற்கும் பிள்ளை தக என்றும் தகிட என்றும் முதல் மாதத்தில் சொல்லிப் பழகுவதை, முறையாகப் பயின்ற ஓர் இசையமைப்பாளர் அன்று கண்டுகொண்டார்.

பின்னர் அவர் இந்தியாவுக்கும் வந்தார். காந்தியின் உப்பு யாத்திரைப் படச்சுருளை அவர் முதலில் பார்த்தது இமயமலை அடிவாரத்துக் காலிம்போங்கில்தான். திபெத்தியப் பௌத்தத்தோடும் அவருக்கு நீண்டகாலத் தொடர்பு உண்டு.

அப்படியானால் இதில் ராகம் இருக்கிறதா? தோடி ஒலிக்கிறது என்கிறார்களே?

தோடியின் சுரங்கள் ஒலிக்கின்றன, தோடி ஒலிப்பதில்லை.

படைப்பின் கடைசிப் பாட்டான "மாலைப் பாடல்" முழுவதும், காந்தி ஓர் ஆரோகணத்தை மட்டுமே பாடுகிறார். கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை படிப்படியாக எட்டுச் சுரங்கள்; ஏறி முடித்ததும் மீண்டும் கீழிருந்து. இவ்வாறு ஏறத்தாழ முப்பது முறை. மேலை இசையில் ஃப்ரிஜியன் என்று பெயர் பெற்ற இந்தச் சுர வரிசையை நம் முறையில் எழுதினால் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று வரும். எட்டாவது மேளகர்த்தாவான அனுமத்தோடியேதான். முதற்காட்சியின் அடிநாதமும் இந்த மண்டலத்தைச் சேர்ந்ததே: நான்கு சுர அடுக்குகள் ம, க, ரி, ச என இறங்குமுகமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிதாரிலும் இந்த இறக்கம் உண்டு.

ஆனால் நம் காதுக்குத் தோடி என்பது கமகத்தில்தான், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் முறையில்தான், உயிர் பெறுகிறது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுவரப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு, ஒரு காந்தாரம் அசைந்து நிற்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது தெரியும். கிளாஸின் பாடகர் அந்தச் சுரத்தை நேராக, அசைவின்றி, அடுத்த படியில் கால் வைப்பதற்கு முந்தைய படியாக மட்டும் தொடுகிறார். எனவே ராகத்தை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தியாவிலிருந்து கிளாஸ் எடுத்துக்கொண்டது ராகத்தை அன்று. காலத்தைக் கணக்கிடும் முறையைத்தான். சிதார், தபேலா, தம்பூரா ஒன்றையும் இதில் அவர் சேர்க்கவில்லை. கீழைநாட்டுச் சாயம் பூசிக்கொள்ள ஆசைப்பட்டு இரண்டு சிதார் மீட்டல்களைத் தூவிய மேலைப் படைப்புகள் பல. அந்த வழியில் அவர் போகாததே இப்படைப்பின் நேர்மை என்று நினைக்கிறேன்.

தாள வாத்தியமே இல்லையா?

இல்லை. பித்தளைக் குழல்களும் இல்லை. நரம்பு வாத்தியங்கள், மரக்குழல் வாத்தியங்கள், ஒரு மின் ஆர்கன், அவ்வளவே. தவிலோடு இசை கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் இது வெறுமையாகத் தோன்றலாம். வயலின்களும் குழல்களும் ஓயாது அடுக்கடுக்காக வாசிக்கும் சுரக்கோவைகளே தாளத்தைச் சுமக்கின்றன என்பது சிறிது நேரத்தில் பிடிபடும்.

ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறதே, சலிக்காதா?

சலிக்கும், முதல் பத்து நிமிடம். இதை மறைத்துப் பயனில்லை. எங்களோடு கேட்டவர்களில் ஒருவர் இரண்டாம் காட்சியோடு எழுந்து போய்விட்டார்.

நம்மிடம் நிரவல் உண்டு: சாகித்திய வரி ஒன்றே, சங்கதி மாறிக்கொண்டே இருக்கும். கிளாஸிடம் நேர்மாறு. இசை வடிவம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்குள் எண்ணிக்கை மாறும். இரண்டு சுரத் தொகுதி மூன்றாகும், மூன்று நான்காகும், பிறகு ஒன்று குறையும். நம் தாள இலக்கணத்தில் வளர்ந்துகொண்டே போவதை ஸ்ரோதோவஹ யதி என்றும் குறைந்துகொண்டே வருவதை கோபுச்ச யதி என்றும் சொல்கிறோம். முத்துசுவாமி தீட்சிதரின் ஆனந்தபைரவிக் கிருதியான "தியாகராஜ யோக வைபவம்" சொற்களையே அப்படிக் குறைத்துக் காட்டுவது ரசிகர்கள் அறிந்ததே. தாளக் கணக்கோடு முடியும் சொற்கட்டான ஒரு கோர்வையில் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும் அந்தக் கணக்கை, கிளாஸ் இருபது நிமிடத்துக்கு விரித்துவிடுகிறார் என்று கொண்டால், எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும். மாற்றம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று கையால் தட்டிப் பாருங்கள். தாளம் போடத் தெரிந்த ரசிகருக்கு இதில் மேலைநாட்டு ரசிகரைவிடச் சாதகம் அதிகம்.

மாலைப் பாடலிலும் அந்த எட்டுச் சுரங்கள் மட்டுமே மாறாதவை. அவற்றுக்கு அடியில் வாத்தியக் குழுவின் சுர அடுக்குகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதே ஏற்றம் ஒருமுறை துயரமாகவும் மறுமுறை தெளிவாகவும் கேட்கும்.

ஐரோப்பிய இசையோடு சமஸ்கிருதத்தைச் சேர்த்தது இதுதான் முதன்முறையா?

இல்லை, அதைச் செய்தவர் நம் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். 1835இல் எட்டயபுரத்தில் காலமான முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவை நொட்டுஸ்வரங்கள் எனப்படுகின்றன. பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் மெட்டில் "சந்ததம் பாஹி மாம்" என்று அம்பாளைப் பாடியது அவற்றுள் ஒன்று. சங்கராபரணச் சுரங்களில், கமகமின்றி, நேர்நேராக நடக்கும் பாட்டுகள் அவை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தீட்சிதர் அயல் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தம் தெய்வத்தை அதில் அமர்த்தினார்; கிளாஸ் அயல் மறைநூலை அப்படியே எடுத்துக்கொண்டு தம் வாத்தியக் குழுவில் அமர்த்தினார். இருவருமே மற்றவர் இசையைப்போல் நடிக்க முற்படவில்லை. நொட்டுஸ்வரங்களை விளையாட்டுப் பாட்டுகள் என்று ஒதுக்கும் வித்துவான்கள், இந்தக் கோணத்தில் அவற்றை மறுபடி கேட்டால் நல்லது.

இதில் தமிழர்களுக்கு இடம் உண்டா? நெல்லைச் சீமைக்கு ஏதேனும் தொடர்பு?

பாத்திரப் பட்டியலில் கஸ்தூர்பா, காலன்பாக், பார்சி ருஸ்தம்ஜி, செயலாளர் ஷ்லெசின் ஆகியோரோடு நாயுடு அம்மையார் என்றொரு பெண் பாத்திரமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் தலைவராக விளங்கிய தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளை அந்தப் பெயர் நினைவூட்டும். டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களோடு நியூகாசிலுக்குச் சென்று, சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இணங்கச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து எழுந்த அந்த நடைப்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்ததாகக் காந்தி கணக்குத் தருகிறார். சிறை சென்று, விடுதலையான சில நாட்களிலேயே 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மை மேடைக்கு வருவதில்லை. மூன்றாம் அங்கத்தில் அவருக்கு ஒரு வரியேனும் இருந்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

நெல்லைச் சீமையிலிருந்து கடல் கடந்த கூலித் தொழிலாளர்களில் மிகுதியானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களே. ஆகவே டர்பனும் நியூகாசிலும் உள்ள நேட்டால் பகுதியின் கதையை நம் ஊர்க் கதை என்று உரிமை கொண்டாடுவது மிகையாகும். ஆனால் இரண்டு இழைகள் உண்மையானவை. டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த காந்தி, தாம் கற்றது ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் போப், இளமையில் நம் சாயர்புரத்தில் பள்ளி நடத்தித் தமிழில் திளைத்தவர். மற்றொன்று வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றியது. சிறையிலிருந்து மீண்டு வறுமையில் வாடிய அவருக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் திரட்டிய தொகை காந்தியின் வழியாக வர வேண்டியிருந்தது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் 347 ரூபாய் வந்து சேர்ந்தது. கிளாஸின் மேடையில் இவை எதுவும் இல்லை, இருக்க வேண்டும் என்பதுமில்லை. டால்ஸ்டாய் பண்ணைக் காட்சியைக் கேட்கும்போது நமக்கு மட்டும் தெரிந்திருக்கும் செய்திகள் இவை.

இது பக்திப் படைப்பா, அரசியல் படைப்பா? காந்தியைப் புனிதராக்கிவிடுகிறதா?

டால்ஸ்டாய் பண்ணைக் காட்சியில் பாடப்படும் சுலோகம், அறிவின் நெறியையும் செயலின் நெறியையும் வேறு வேறாகக் கருதுவோர் சிறுபிள்ளைகள் என்ற ஐந்தாம் அத்தியாயச் சுலோகம். அச்சகக் காட்சியில் பற்றின்றிக் கடமையைச் செய் என்பது வருகிறது. பண்ணையில் மண் வெட்டுவதும் பத்திரிகை அச்சிடுவதும் இங்கே வழிபாட்டின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே கேள்வியின் இரு பகுதிகளையும் பிரிக்க இப்படைப்பு இடம் கொடுக்கவில்லை.

புனிதராக்குகிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. இந்தக் காந்திக்குத் தயக்கமில்லை, பிழையில்லை, மனைவியோடு பிணக்கில்லை. அந்த மண்ணுக்குரிய கறுப்பின மக்கள் பாத்திரங்களாக வருவதே இல்லை. அக்காலத்துக் காந்தி அவர்களைப் பற்றி எழுதியவை இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகின்றன. மார்ட்டின் லூதர் கிங்கை உயரத்தில் நிறுத்தியது அந்த வெற்றிடத்தை ஓரளவே நிரப்புகிறது. வரலாறு வேண்டுவோர் வரலாற்று நூலுக்குத்தான் போக வேண்டும்.

மேடையேற்றங்களில் எதைப் பார்க்கலாம்?

2007இல் லண்டனிலும் 2008இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் மேடையேறிய ஃபெலிம் மெக்டர்மாட், ஜூலியன் கிரவுச் இருவரின் வடிவமைப்பு புகழ்பெற்றது. செய்தித்தாள்களையும் காகிதக்கூழையும் கொண்டு செய்த பெரும் பொம்மைகள் அதில் நடமாடும், பின்னணியாக நெளிதகடுகள். நியூயார்க்கில் காந்தியாகப் பாடியவர் ரிச்சர்டு கிராஃப்ட். 2011இல் மீண்டும் மேடையேறியபோது, அரங்குக்கு வெளியே போராட்டக்காரர்கள் கூடியிருக்க, கிளாஸே அங்கு வந்து, அறம் தளரும்போதெல்லாம் தோன்றுகிறேன் என்னும் கீதை வரிகளை வாய்விட்டுச் சொன்னார்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கடைசியிலிருந்து. மாலைப் பாடலை முதலில் கேளுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதன் சுலோகங்கள் கீதையின் நான்காம் அத்தியாயத்தில் ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை. சுருதிப்பெட்டி இருந்தால் மூன்று கட்டையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: பாடகரின் ஆரோகணம் உங்கள் சட்ஜத்தில் கச்சிதமாக வந்து அமரும், ஆனால் அடியிலுள்ள வாத்தியங்கள் சில இடங்களில் பொருந்தியும் சில இடங்களில் உரசியும் போகும். அந்த உரசல்தான் மேலை இசையின் இணைசுர முறைக்கும் நம் சுருதி முறைக்கும் உள்ள வேறுபாடு. அடுத்ததாக, சான்றுகளை எரிக்கும் காட்சியையும் டால்ஸ்டாய் பண்ணைக் காட்சியையும் கேட்கலாம். முழுப் படைப்பையும் ஒரே அமர்வில் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 1980களில் நியூயார்க் நகர ஓபரா குழு கிறிஸ்டஃபர் கீன் தலைமையில் செய்த ஒலிப்பதிவு அதற்கு ஏற்றது. நாகசுவரம் பயிலும் மாணவர் அந்த எட்டுச் சுரங்களைக் கமகமின்றி வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக வாசிக்கலாம், நாகசுவரத்தின் ஊதுவாயான சீவாளியில் ஒரு காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது அப்போது அவருக்குத் தெரியவரும்.